பழைய கண்ணாடி ரூமுக்கு எந்தக் கூரை? ஓடு, கண்ணாடி, ஷீட் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்

சேரம்பாடி செல்வி எழுதியது:

வணக்கம். கூரை வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். "எத்தனை அடி, எந்தத் திசை" என்று அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டாமே என்று எல்லாவற்றையும் இப்போதே எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது நீலகிரியில் சேரம்பாடிப் பக்கம் எஸ்டேட் காலத்து ஓட்டு வீடு. அதன் மேற்குச் சுவரை ஒட்டி ஒரு கண்ணாடி ரூம் இருக்கிறது. துரைமார் செடி வளர்க்கவும் குளிரில் வெயில் காயவும் கட்டிக்கொள்வார்களே, அந்தத் தினுசு. நீளம் 14 அடி, அகலம் 10 அடி. கீழே இரண்டரை அடிக்குச் செங்கல் சுவர், அதற்கு மேலே மரச் சட்டத்தில் கண்ணாடி. கூரையும் கண்ணாடிதான். 'டி' வடிவ இரும்புக் கம்பிகளை இரண்டடிக்கு ஒன்றாகப் போட்டு, நடுவில் கண்ணாடியை வைத்துப் புட்டி பூசியிருக்கிறார்கள். வீட்டுச் சுவரை ஒட்டிய பக்கம் உயரம் ஒன்பதரை அடி, வெளிப்பக்கம் எட்டு அடி.

அப்பா 1970களில் கண்டிப் பக்கத்திலிருந்து வந்து டான்டீயில் (அரசுத் தேயிலைத் தோட்டம்) வேலைக்குச் சேர்ந்தவர். பிற்பாடு இந்த வீட்டை வாங்கியபோது அந்த ரூமுக்காகத்தான் வாங்கினார் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். பிகோனியா, பெரணி, மரத்தில் ஒட்டி வளரும் ஆர்க்கிட் என்று ஒரு காடே வைத்திருந்தார். அவர் போன பிறகு செடி குறைந்துவிட்டது. இப்போது அம்மா காலையில் அங்கே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். டிசம்பர், ஜனவரியில் எங்கள் மிளகும் காப்பியும் அங்கேதான் காய்கிறது. வெளியே முற்றத்தில் போட்டால் திடீர்த் தூறலுக்கு யார் ஓடுவது?

பிரச்சினை கூரை. உடைந்த கண்ணாடிக்குப் பதில் அங்கங்கே தகரம், பச்சை ஃபைபர் ஷீட் என்று ஒட்டுப்போட்டுப் போட்டு இப்போது எது கூரை எது ஒட்டு என்றே தெரியவில்லை. ஜூன் பிறந்தால் வயநாட்டுப் பக்கமிருந்து மழை சாய்த்து அடிக்கும். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் தண்ணீர் சுவரோடு வழிகிறது, உள்பக்கச் சுண்ணாம்புப் பூச்சு கை வைத்தால் உதிர்கிறது. போதாததற்குக் குரங்குகள். போன மழைக்கு முன்னால் ஒரு கண்ணாடித் துண்டு அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் விழுந்தது. இனியும் தள்ளிப்போட முடியாது.

யோசனைகள் இவை. கொழுந்தனார் மங்களூர் ஓடு போட்டு நடுநடுவே கண்ணாடி ஓடு வைத்தால் வீட்டோடு ஒத்துப்போகும் என்கிறார். கோவையில் இருக்கும் மகன், கண்ணாடிக்குக் கண்ணாடியே, இரண்டு கண்ணாடியைச் சேர்த்து ஒட்டிய லேமினேட்டட் போடலாம் என்கிறான். பத்தேரியிலிருந்து வந்து பார்த்த வெல்டர் நீலத் தகர ஷீட் போட்டால் இரண்டு நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னார். அம்மாவுக்கு ஒரே நிபந்தனைதான்: "வெளிச்சம் போகக் கூடாது."

எதைப் போடலாம்?


மலைநாட்டான் எழுதியது:

ஷீட்தான். ஓடு, கண்ணாடி எல்லாம் பராமரிக்க முடியாது. எங்கள் எருமாட்டில் எல்லாரும் மொட்டை மாடிக்கே இரும்புச் சட்டத்தில் ட்ரஸ் அடித்து ஷீட் போட்டாயிற்று. வெளிச்சத்துக்கு நடுவில் இரண்டு ட்ரான்ஸ்பரன்ட் ஷீட் செருகிவிடுங்கள். முடிந்தது கதை.


சேரம்பாடி செல்வி எழுதியது:

அண்ணா, ஆடி மாத மழையில் அந்த ஷீட்டுக்கு அடியில் நின்று நீங்கள் யாரிடமாவது போனில் பேசியதுண்டா? எங்கள் மாட்டுக் கொட்டகைக்கு ஷீட்தான். மழை பிடித்தால் மாட்டின் கழுத்து மணிச் சத்தம்கூடக் கேட்காது. வெயில் நாளில் மதியம் உள்ளே நிற்க முடியாது. அம்மா உட்காரும் இடத்துக்கு அது வேண்டாம்.


லெஸ்டர்வாசி எழுதியது:

செல்வி அக்கா, நான் கூடலூர்க்காரி, இப்போது இங்கிலாந்தில் இருக்கிறேன். இங்கே வீட்டுக்கு வீடு பின்பக்கம் இந்த மாதிரிக் கண்ணாடி ரூம் உண்டு. பழையதில் பெரும்பாலும் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் ஷீட் கூரை. கோடையில் அடுப்படி, குளிர்காலத்தில் பனிக்கட்டி, மழை பெய்தால் டிவி கேட்காது. அதனால் நிறையப் பேர் அதைக் கழற்றிவிட்டு உள்ளே வெப்பத் தடுப்புப் பலகை வைத்து, மேலே ஓடு மாதிரித் தெரியும் லேசான கூரை போடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் மாற்றினோம். ரூம் வருஷம் முழுக்கப் பயன்படுகிறது, ஆனால் அதை ஒட்டிய சமையலறை இருட்டாகிவிட்டது, பகலிலும் லைட் போடுகிறேன்.

இன்னொன்று. 30 சதுர மீட்டருக்குள் இருந்து, வீட்டுக்கும் அதற்கும் நடுவே கதவு இருந்தால் இங்கே சாதாரணமாகக் கட்டட விதிகளிலிருந்து விலக்கு உண்டு. கண்ணாடிக் கூரையை எடுத்துவிட்டு மூடிய கூரை போட்டால் அந்த விலக்கு நிற்காது, அனுமதி வாங்க வேண்டும். பழைய சட்டமும் அடித்தளமும் புதுப் பாரத்தைத் தாங்குமா என்று பார்ப்பதும் அதில் ஒரு காரணம். நம் ஊரில் அதை யாரும் பார்க்க வர மாட்டார்கள். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.


கைமரம் எழுதியது:

அக்கா, நான் நாடுகாணியில் கூரை வேலை செய்பவன். ஓட்டு வேலையும் செய்வேன், ட்ரஸ்ஸும் அடிப்பேன், அதனால் எனக்கு எந்தக் கட்சியும் இல்லை.

எதைப் போடுவது என்பதை நீங்கள் முடிவு செய்யும் முன்பே உங்கள் ரூம் பாதி முடிவு செய்துவிட்டது. நீங்கள் கொடுத்த அளவே போதும்.

முதலில் வாட்டம். ஒன்பதரையிலிருந்து எட்டு. பத்தடி அகலத்துக்கு ஒன்றரை அடி சரிவு. மங்களூர் ஓட்டுக்கு இது போதவே போதாது. நம் மழைக்கு ஓடு என்றால் 30 டிகிரி சாய்வு வேண்டும், அதாவது பத்தடி அகலத்துக்கு ஐந்தே முக்கால் அடி ஏற்றம். எட்டடியில் தொடங்கினால் சுவர்ப் பக்கம் பதினாலு அடியைத் தொடும். உங்கள் பெரிய வீட்டின் இறவாணம், அதாவது கூரையின் கீழ் விளிம்பு, எத்தனை அடியில் இருக்கிறது? அநேகமாகப் பத்து, பத்தரை. அப்புறம் ஓட்டை எங்கே கொண்டு போய் முட்டுவது? வாட்டம் குறைத்து ஓடு போட்டால், காற்றோடு வரும் மழை ஓட்டின் மடிப்புக்குள் ஏறி உள்ளே இறங்கும். கொழுந்தனாரிடம் இதைச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

அடுத்தது பாரம். உங்கள் கூரை 140 சதுர அடி, ஏறக்குறைய 13 சதுர மீட்டர். கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்குச் சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ. இப்போது இருப்பது 4 மில்லி என்றால் மொத்தம் 130 கிலோ. மகன் சொல்லும் லேமினேட்டட், ஆறும் ஆறும் சேர்த்து ஒட்டியது என்றால் 400 கிலோ. ஓடு, அதைத் தாங்கும் ரீப்பர், கைமரம் எல்லாம் சேர்த்தால் 600 கிலோவைத் தாண்டும், நனைந்தால் இன்னும் கூடும். 16 மில்லி பாலிகார்பனேட், உள்ளே அறை அறையாக இருக்குமே அது, மொத்தமே 35, 40 கிலோதான். நடுவில் ஃபோம் வைத்து இருபுறமும் ஷீட் ஒட்டிய பஃப் பேனல், 50 மில்லி தடிப்பில், 150 கிலோவுக்குள் அடங்கும்.

உங்கள் 'டி' கம்பி துருப்பிடித்து எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்காமல் 400 கிலோவை யாரும் ஏற்றக் கூடாது. ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கம்பி சுவருக்குள் நுழையும் இடத்தில் குத்திப் பாருங்கள். நடுவில் நன்றாக இருக்கும், சுவருக்குள்தான் செதில் செதிலாகப் போயிருக்கும்.

கடைசியாகத் தண்ணீர். பெரிய வீட்டு ஓட்டுத் தண்ணீர் இந்தக் கூரை மேலேதான் விழுகிறதா? இறவாணத்துக்கு அடியில் கூரைத் தண்ணீரைப் பிடித்து ஓடவிடும் பாத்தி இருக்கிறதா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், மிச்சத்தைப் பேசலாம்.


சேரம்பாடி செல்வி எழுதியது:

தம்பி, இறவாணம் சரியாகப் பத்தடி. பாத்தி ஒரு காலத்தில் இருந்தது, கொக்கி மட்டும் மிச்சம். ஓட்டுத் தண்ணீர் முழுக்க இதன் மேல்தான் கொட்டுகிறது.

குத்திப் பார்த்தேன். எட்டுக் கம்பியில் ஆறு நன்றாக இருக்கிறது. வடக்கு ஓரத்தில் இரண்டு கம்பியில் ஸ்க்ரூ டிரைவர் பிஸ்கட்டில் இறங்குவது போல இறங்கிவிட்டது. அந்த இடத்துக்கு நேர் கீழேதான் சுவரும் ஊறியிருக்கிறது.


கோவைக் கண்ணாடி எழுதியது:

கண்ணாடித் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. பாரத்தைக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம். புது இரும்பு போட்டால் கண்ணாடி தாராளமாக நிற்கும். பெங்களூரு லால்பாக் கண்ணாடி மாளிகை 1889இல் அடிக்கல் போட்டது, இன்றும் நிற்கிறது. கண்ணாடி மஞ்சளாகாது, கீறாது. தலைக்கு மேல் போடுவதற்கு லேமினேட்டட்தான் போட வேண்டும் என்பது மட்டும் முக்கியம். வெறும் டஃப்பன்ட், அதாவது சூட்டில் கெட்டியாக்கிய கண்ணாடி, உடைந்தால் கல்கண்டு மாதிரி நொறுங்கி மொத்தமாகக் கொட்டும். லேமினேட்டட் உடைந்தாலும் நடுவிலிருக்கும் படலம் பிடித்துக்கொள்ளும். மகன் சொன்னது சரியான யோசனைதான்.


கைமரம் எழுதியது:

சார் சொல்வதில் தப்பில்லை. புது இரும்பும் புது அடித்தளமும் போட்டால் எதையும் நிறுத்தலாம். ஆனால் அது கூரை மாற்றுவது இல்லை, ரூமையே மாற்றுவது. கோவையிலிருந்து அந்த அளவுக் கண்ணாடி மலையேறி வந்து ஒன்று உடைந்தால், மாற்றுக் கண்ணாடி வரும்வரை தார்ப்பாய்தான் கூரை. ஜூலையில் அதை நினைத்துப் பாருங்கள்.

அக்கா, உங்கள் சுவர் ஊறுவதற்குக் கண்ணாடி காரணமில்லை, பாத்தி இல்லாததுதான் காரணம். பெரிய கூரையின் அந்தச் சரிவு 20 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், இதையும் சேர்த்து 33. ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 330 லிட்டர். நம் பக்கம் ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் கொட்டுவது அதிசயமா? 1,650 லிட்டர். அதில் ஆயிரம் லிட்டர் ஓட்டிலிருந்து சரியாகச் சுவர் மூட்டில் வந்து விழுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததே, அதை விடுங்கள், நம் சாதாரண மழைக்கே இந்தக் கணக்கு. தங்கத்தில் கூரை போட்டாலும் அந்த மூட்டு ஒழுகும். முதலில் இறவாணத்தில் பாத்தி. ஆறங்குலத்துக்குக் குறையாமல், இரண்டு பக்கமும் இறக்குக் குழாய் வைத்து.

அப்புறம் சுவர் மூட்டு. வழக்கமாக என்ன செய்வார்கள் என்றால், ஷீட்டைச் சுவரில் முட்டவிட்டு மேலே சிமென்ட் பூசிவிடுவார்கள். இரண்டு மழைக்குள் அது விரிசல் விடும். அதோடு இப்போது வரும் ஷீட்டுகளில் அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சு, ஈரச் சிமென்ட் பட்டால் அரித்துவிடும். சுவரில் ஓர் அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டி, மூட்டை மூடும் தகட்டின் மேல் விளிம்பை உள்ளே மடித்துச் செருகி, சீலன்ட் வைக்க வேண்டும். தகடு ஷீட்டின் மேல் ஆறு அங்குலமாவது படிய வேண்டும். வெல்டரிடம் இதைக் கேளுங்கள். "அதெல்லாம் வேண்டாம், பூசிவிடலாம்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

இப்போது கூரை. நான் என்றால் இரண்டையும் கலப்பேன். 14 அடி என்பது 4.27 மீட்டர். அம்மா உட்காரும் பக்கம் ஒரு மீட்டர் அகலப் பஃப் பேனல் இரண்டு. மிச்சத்துக்கு 2.1 மீட்டர் அகலத்தில் 16 மில்லி பாலிகார்பனேட் ஒன்று. ஓரத் தகடுகளோடு கணக்குச் சரியாக வரும். எல்லாமே சுவரிலிருந்து வெளிப்பக்கம் வரை ஒரே நீளமாகப் போக வேண்டும், குறுக்கே ஒட்டு இருக்கக் கூடாது. பஃப் பக்கம் மழைச் சத்தம் அடங்கும், வெயிலும் தெரியாது. பாலிகார்பனேட் பக்கம் மிளகு, செடி, வெளிச்சம். பக்கவாட்டுக் கண்ணாடி அப்படியே இருப்பதால் அம்மாவுக்குப் பேப்பர் படிக்க வெளிச்சம் குறையாது.

உங்கள் கம்பி 'டி' வடிவம், நடுத் தண்டு மேலே நீட்டிக்கொண்டிருக்கும், அதன் மேல் நேராக ஷீட் உட்காராது. கெட்ட இரண்டை மாற்றிவிட்டு, எல்லாவற்றுக்கும் மேலே குறுக்கே ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சதுரப் பைப் ஓட்டி, அதன் மேல் ஷீட். இரண்டும் வேறு தடிப்பு, அதனால் பாலிகார்பனேட் பக்கம் பைப்பின் மேல் ஒரு கட்டை கொடுத்து மட்டம் சரிசெய்ய வேண்டும்.


சேரம்பாடி செல்வி எழுதியது:

கலக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அம்மாவிடம் சொன்னேன். "பாதி வானம் போதும், ஆனால் அந்தப் பாதி என் பக்கம் இருக்கட்டும், மிளகு பஃப் பக்கம் போகட்டும்" என்கிறார். அவரைச் சமாதானப்படுத்துவது என் வேலை.

பாலிகார்பனேட் மஞ்சளாகிவிடும் என்று பயமுறுத்துகிறார்களே? டவுனில் ஒரு கடை முகப்பில் பார்த்தேன், உள்ளே பச்சைப் பாசி வரிசை வரிசையாக ஓடுகிறது.


வால்பாறை மாமா எழுதியது:

நான் பதில் சொல்கிறேன் அம்மா. எங்கள் வீட்டு முகப்பில் அதே பாசி ஓடியது. ஷீட்டின் மேல் குற்றமில்லை, மாட்டியவர்கள் இரண்டு முனையையும் திறந்தே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் குழல்கள் வழியாக ஈரமும் எறும்பும் தூசியும் போய்க் குடியேறின. மேல் முனைக்கு அலுமினிய டேப் ஒட்டி முழுக்க அடைக்க வேண்டும். கீழ் முனைக்குத் துளையுள்ள டேப் என்று தனியாக வரும், உள்ளே வேர்க்கிற நீர் வடியும், பூச்சி போகாது. இரண்டுக்கும் மேலே அலுமினியத் தொப்பி. குழல்கள் சரிவோடு கீழ்நோக்கி ஓட வேண்டும், குறுக்கே போடுகிற புத்திசாலிகளும் உண்டு. நான் எல்லாவற்றையும் மாற்றி மாட்டினேன், இப்போது சுத்தமாக இருக்கிறது.

மஞ்சளாவது உண்மை, ஆனால் ஒரு பக்கம் புற ஊதாக் கதிர்த் தடுப்புப் பூச்சு இருக்கும். அது வானத்தைப் பார்த்து இருந்தால் பத்து வருஷமாவது நன்றாக ஓடும். கவிழ்த்துப் போட்டால் சீக்கிரமே போய்விடும்.

ஸ்க்ரூ ஓட்டை ஸ்க்ரூவை விடப் பெரிதாக இருக்க வேண்டும். வெயிலுக்கு இது மீட்டருக்கு மூன்று மில்லி வரை நீளும், இறுக்கி அடித்தால் வெடிக்கும். சீலன்ட் வாங்கும்போது நியூட்ரல் என்று கேட்டு வாங்குங்கள், வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் இதற்கு ஆகாது.

குரங்கு குதித்தால் உடையாது. சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

மிளகு காயவைக்கிறீர்கள் என்பதால் ஒன்று. மூடிய ரூமில் மிளகிலிருந்து கிளம்பும் ஈரம் எங்கே போகும்? ராத்திரி கூரையில் வேர்த்து, காலையில் திரும்ப மிளகின் மேலேயே சொட்டும். நாலு நாளில் வெள்ளைப் பூஞ்சை. பழைய கூரையில் சந்து சந்தாக ஓட்டை இருந்ததால் உங்களுக்கு இது தெரிந்திருக்காது. புதுக் கூரை காற்றுப் புகாமல் இறுகியதும்தான் தெரியும். சுவர்ப் பக்கம் தகட்டுக்கு அடியில் நீளமாக ஒரு காற்றுச் சந்து விட்டு வலை அடியுங்கள், எதிர்ப்பக்கம் கீழே இரண்டு ஜன்னல் திறக்கும்படி இருக்கட்டும்.


மலைநாட்டான் எழுதியது:

ஷீட் என்றே வைத்துக்கொண்டால் இத்தனை வாத்தியார் வேலை தேவையே இல்லை! சரி, ஒன்று கேட்கிறேன், வீடு பட்டா நிலத்திலா, கூடலூர் ஜன்ம நிலச் சட்டத்தில் வரும் பட்டா இல்லாத செக்‌ஷன் 17 நிலத்திலா? இரண்டாவது என்றால் இரும்பை இறக்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். கூரையைப் பிரித்துப் போட்ட பிறகு யாராவது வந்து நிறுத்தினால் மழைக்காலம் திண்டாட்டமாகிவிடும்.


சேரம்பாடி செல்வி எழுதியது:

பட்டாதான் அண்ணா, அப்பா அதில் கறார். ஆனாலும் பஞ்சாயத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.

முடிவு இப்படி: பாத்தி இந்த மாதமே. மிளகு காய்ந்து மூட்டை கட்டியதும், பிப்ரவரி கடைசியில் கூரையைப் பிரிப்பது. கைமரம் தம்பி சொன்ன கலப்புக் கூரைதான். மகனுக்குக் கொஞ்சம் வருத்தம், கண்ணாடி மேல் அவனுக்கு அப்பாவின் ஆசை. பக்கவாட்டுக் கண்ணாடியில் கை வைக்க மாட்டோம் என்று சொல்லியிருக்கிறேன்.

பழைய கண்ணாடியை எப்படி இறக்குவது? ஆள் மேலே நின்று புட்டியைச் சுரண்டினால் பயமாக இருக்கிறது.


கைமரம் எழுதியது:

மேலே யாரையும் ஏற்றாதீர்கள். கீழே சாரம் கட்டி, ஒவ்வொரு கண்ணாடிக்கும் இரண்டு பக்கமும் அகல டேப்பைப் பெருக்கல் குறியாக ஒட்டிவிட்டு, வெளி ஓரத்திலிருந்து சுவரை நோக்கி ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லுங்கள். தரையில் தார்ப்பாய், அதன் மேல் சாக்கு. கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, தலைக்கவசம் இல்லாமல் ஆரம்பிக்க விடாதீர்கள். நடுநடுவே ஒட்டுப்போட்டதில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் துண்டு ஏதாவது இருந்தால் அதை அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம், தூசி நுரையீரலுக்கு ஆகாது. நனைத்து முழுசாக இறக்குங்கள்.

புது பாலிகார்பனேட் மேல் இருபுறமும் மெல்லிய பிலிம் ஒட்டி வரும். எழுத்து அச்சடித்த பக்கம்தான் வானத்துக்கு. மாட்டிய அன்றைக்கே அதை உரித்துவிடச் சொல்லுங்கள். நாலு வெயில் பட்டால் அப்படியே பிடித்துக்கொள்ளும், பிறகு நகத்தால் சுரண்டினாலும் வராது.